கோவலனுக்கு நடவாத விசாரணை

சிலப்பதிகாரத்தைப் பற்றித் தமிழர் கூடும் மேடைகளில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாக்கள் சில உண்டு. கண்ணகி மதுரையை எரித்தது முறையா? கோவலன் சாவுக்குக் காரணம் ஊழா, மாதவியா, பொற்கொல்லனா? பாண்டியன் கொடுங்கோலனா, அன்றி ஒருமுறை மட்டும் தவறிய செங்கோலனா? தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழா மேடை முதல் நகர மண்டபத்துப் பட்டிமன்றம் வரை மலேசியத் தமிழர் இவ்வினாக்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். இவற்றை எடுத்துப் பேசுவோர் பெரும்பாலும் மாந்தரின் குணநலன்களையே தராசில் இடுகின்றனர். யார் நல்லவர், யார் தீயவர் என்று தீர்ந்துவிட்டால் வழக்கும் தீர்ந்துவிட்டதாகக் கொள்கின்றனர்.

ஆயினும் இளங்கோவடிகள் காட்சிகளை அடுக்கியுள்ள முறையை ஊன்றி நோக்குவோர்க்கு வேறொரு வினா முன்வந்து நிற்கும். ஒருவன் மீது குற்றம் சாட்டப்பட்ட நேரம் முதல் அவன் உயிர் பிரிந்த நேரம் வரை, அந்தத் தலைநகரில் செய்யப்பட்டவை எவை? செய்யாமல் விடப்பட்டவை எவை? இந்த வினாவை முன்வைத்துக் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அடுத்தடுத்துப் படித்தால், அடிகளின் கவனம் பாண்டியனின் உள்ளத்தைவிட அவன் கைவிட்ட முறையின் மீதே நிலைத்திருப்பது புலனாகும்.

கொலைக்களக் காதையில் அரசன் ஆணையிடும் இடம் அவையன்று. ஆடல் மகளிரின் கூத்தைக் கண்டு மகிழ்ந்த கணவன் மீது ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைநோவு என்று காரணம் காட்டித் தன் மாளிகைக்கு எழுந்து போய்விடுகிறாள். அமைச்சரை விட்டு நீங்கி அவளைத் தேடிச் செல்லும் வழியில்தான் அரசன் காலில் பொற்கொல்லன் விழுகிறான். கன்னக்கோலும் கவைக்கோலும் இல்லாமலே, மந்திர வலியால் காவலரைத் துயிலச் செய்து அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் இப்போது தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அமைச்சர் உடனில்லை. அறங்கூறவையம் கூடவில்லை. அரசனின் மனமோ தேவியின் வாயிலில் இருக்கிறது. ஊர்காப்பாளரை அழைத்து, தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்று சொல்லிவிட்டு நடக்கிறான். ஆணை பிறந்து முடிய ஒரு மூச்சு நேரம் போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. கொல்லுவதற்காகக் கொண்டுவருக என்று சொல்ல நினைத்த அரசன், வினை முதிர்ந்த காலமாதலால் நாத் தவறிக் கொன்று கொணர்க என்று சொல்லிவிட்டான் என்பது அது. நுட்பமான விளக்கம்தான். ஆயினும் அரசனைக் காக்க முனைந்த அன்பு அதில் சற்று மிகுந்துவிட்டது. இரண்டு வாக்கியங்களிலும் சாவு முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சாகும் இடம் மட்டுமே வேறுபடுகிறது. குற்றவாளி என்னும் தீர்ப்பு எந்தச் சொல்லிலிருந்து எழுந்தது என்ற வினாவுக்கு நாத் தவறு விடையாகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். கொண்டுவருக என்றிருந்தால் ஒரு நாழிகை தாமதம் ஏற்பட்டிருக்கும். அரசன் அவனைக் கண்ணால் கண்டிருப்பான். பல வழக்குகளில் உண்மை உள்ளே நுழைவது அத்தகைய தாமதத்தின் வழியாகத்தான்.

ஆணையிடும் அரசனைக் குறிக்க அடிகள் ஆளும் சொல் கருதத்தக்கது. ‘தேர்தல்’ என்னும் வினையை எதிர்மறையாக்கி, ஆராயாதவனாய் ஆணையிட்டான் என்கிறார். சினந்தான் என்றோ, பேராசை கொண்டான் என்றோ, கொடியவன் ஆனான் என்றோ சொல்லவில்லை. பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி அரசனை விளிக்கும்போது அதே வினையின் எதிர்மறைதான் அவள் வாயிலும் வருகிறது. புலவர் தம் கூற்றாகச் சொன்னதைக் குற்றச்சாட்டாக மாற்றிக் கண்ணகியிடம் கொடுத்திருக்கிறார். கொன்றவனே என்று அவள் அழைக்கவில்லை. ஆராயாத மன்னன் என்றே அழைக்கிறாள். காப்பியத்தின் இரு முனைகளையும் இந்த ஒரு சொல் கட்டி நிற்பதைத் திறனாய்வாளர் பலர் போதிய அளவு எடுத்துக் காட்டவில்லை.

குடிலில் நடந்தது இன்னும் கொடிது. கோவலனுக்குத் தன் மீது குற்றச்சாட்டு இருப்பதே தெரியாது. அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் இவர்கள் என்று பொற்கொல்லன் காவலரைக் காட்டுகிறான். விலை பேச வந்தோரை எதிர்பார்த்திருக்கும் வணிகன் அதை நம்புகிறான். தன் பக்கத்தில் பேசவேண்டிய வழக்கு ஒன்று உண்டென்று அறியாதவன் எதைப் பேசுவான்? சிலம்பின் வேலைப்பாட்டைக் காவலருக்கு எடுத்துக் காட்டுபவனும் அதே பொற்கொல்லன்தான். குற்றம் சாட்டியவனே பொருளை மதிப்பிடும் வல்லுநனும் ஆகிறான். அரசன் ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது, அச்சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் என்று. அந்த ஒரே ஒரு காப்பையும் பொற்கொல்லன் தன் விரலால் துடைத்துவிடுகிறான்.

அத்தனை பேரிலும் உண்மைக்கு அருகே வந்தவர் அக்காவலர்களே என்பது வியப்பு. இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, கள்வருக்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தூதன் வேடத்தில் வந்து இளவரசனின் மார்பணியைக் கவர்ந்து மறைந்த கள்வன் ஒருவனின் கதையையும் சொல்கிறான். இளங்காவலன் ஒருவன் தானும் ஒரு கதை எடுத்து வருகிறான். மழை பெய்த நள்ளிரவில் கரிய உடையில் வந்த கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தானாம். இப்போது ஒன்றும் செய்யாவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான் என்று முடிக்கிறான். இவற்றுள் ஒரு சொல்லாவது கோவலனைப் பற்றியதா? ஒன்றுமில்லை. திருடர்களைப் பற்றிய பொதுக் கதைகள், வேறொருவன் செய்த பழைய திருட்டு, தண்டனைக்கு அஞ்சும் காவலனின் அச்சம், இவையே அங்கே சான்றாயின. பேச்சு முடியுமுன்பே கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிட்டான். ஐயுற்றவர்கள் ஐயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இக்காட்சியை மாணவர்க்கு நடத்தும் ஆசிரியர்கள் நெடுந்தொலைவு போய் உவமை தேடவேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போய், அண்மையில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த சிறுவனை நோக்கி ஒரு விரல் நீண்டு, ஆசிரியரின் கைப்பிரம்பு எழுந்த பின்னர், அதே பேனா வேறொருவனின் புத்தகப்பைக்குள் கிடந்தது தெரியவந்த நாள்கள் எந்தப் பள்ளியிலும் இருந்திருக்கும். கோவலனும் மதுரைக்குப் புதியவன். அவனை யாரென்று சொல்ல, ஆயர் சேரியில் மாதரியின் வீட்டாரைத் தவிர, அந்நகரில் எவருமில்லை.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோர்க்கு ஒரு வேறுபாடு முதலில் தெளிவாகவேண்டும். விசாரணையில் நேரும் பிழை வேறு. விசாரணையே இல்லாமை வேறு. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 422ஆம் பிரிவு, நடைமுறையில் ஒரு பிழையோ விடுபாடோ ஒழுங்கின்மையோ நேர்ந்தது என்ற காரணத்தால் மட்டும் தீர்ப்பைக் கவிழ்க்கலாகாது. அதனால் நீதி தவறியிருக்க வேண்டும் என்று கூறும். இந்தியச் சட்டத்தைத் தழுவி மலாயாவுக்கு வந்த கருத்து இது. எழுத்துப் பிழைக்காகக் கொலையாளியை வெளியே விடக்கூடாது என்பதே இதன் அடிப்படை. நியாயமான அடிப்படைதான். ஆனால் எல்லாப் பிழையும் எழுத்துப் பிழையன்று.

இந்த எல்லைக்கோட்டை வரைந்த பழைய வழக்கு ஒன்று சென்னையிலிருந்து இலண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்றது. 1901இல் தீர்ப்பான சுப்பிரமணிய ஐயர் வழக்கு அது. ஓராண்டுக்குள் நிகழ்ந்த ஒரே வகையான மூன்று குற்றங்களை மட்டுமே ஒரு விசாரணையில் சேர்க்கலாம் என்பது சட்டம். இரண்டாண்டுக் காலத்தில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை ஒன்றாகக் கட்டி ஜூரியின் முன் வைத்தார்கள். சட்டம் வெளிப்படையாகத் தடுத்த முறையில் ஒருவனை விசாரித்துவிட்டு, அதை வெறும் ஒழுங்கின்மை என்று பெயரிட்டுப் பூசி மெழுக முடியாது என்று பிரிவி கௌன்சில் தண்டனையை நீக்கியது. அந்த 41இல் சிலவற்றுக்கு மெய்யாகவே சான்று இருந்திருக்கலாம் என்பது அங்கே வினாவாகவில்லை. 1927இல் இரங்கூனிலிருந்து சென்ற அப்துல் ரகுமான் வழக்கில் இதற்கு மறுபக்கம் தெரிந்தது. சாட்சிகளின் வாக்குமூலத்தைச் சட்டம் சொன்னபடி அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை என்பது குறை. அதனால் எவருக்கும் அநீதி விளையவில்லை என்று கண்டு தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். முதல் வழக்கில் கெட்டது விசாரணையின் உடல்; இரண்டாவதில் கிழிந்தது அதன் ஆடையின் ஓரம்.

மலேசியாவிலேயே 1978இல் தே செங் போ வழக்கு பிரிவி கௌன்சில் வரை சென்றது. 1975ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்குகள் பற்றிய விதிமுறைகளின்படி அவ்விசாரணை நடந்திருந்தது. அவ்விதிமுறைகளே செல்லாதவை என்று தீர்ப்பு வந்தது. தண்டனை நிற்கவில்லை. ஆனால் அத்துடன் முடியவில்லை. மறுவிசாரணை வேண்டுமா, வேண்டாவா என்பதைத் தன் உசிதப்படி தீர்மானிக்குமாறு வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இதில் இரு வினாக்கள் தனித்தனியே நிற்பது காண்க. நடந்த விசாரணை செல்லுமா என்பது ஒன்று. செல்லாதென்றால், அதே மனிதனை மீண்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமா என்பது மற்றொன்று. கூட்டரசு அரசமைப்பின் 7ஆம் விதியும் இதனை எண்ணியே எழுந்தது. ஒருமுறை விடுவிக்கப்பட்டோ தண்டிக்கப்பட்டோ முடிந்தவனை, மேல்நீதிமன்றம் அம்முடிவை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டாலன்றி, அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கலாகாது.

இந்த இரண்டாம் வினாவுக்கு ஜமைக்காவிலிருந்து வந்த ரீட் வழக்கில் பிரிவி கௌன்சில் தந்த விடை இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. குற்றத்தின் கடுமை, கடந்துபோன காலம், இரண்டாம் முறை கூண்டில் நிற்பவன் படும் துன்பம், சான்றின் வலிமை ஆகியவை எல்லாம் கருதப்பட வேண்டும். ஆயினும் ஒன்று உறுதி: முதல் விசாரணையில் அரசுத்தரப்பு மெய்ப்பிக்கத் தவறியதை மறுமுறை மெய்ப்பித்துக் கொள்ளட்டும் என்பதற்காக மறுவிசாரணை வழங்கலாகாது. நீதிபதியின் தவற்றால் கெட்ட வழக்குக்கு மறுவிசாரணை பொருந்தும். தொடக்கத்திலேயே உள்ளீடற்றிருந்த வழக்குக்கு அது பொருந்தாது. ரீட் வழக்கில் கீழ்நீதிமன்றம் இட்ட மறுவிசாரணை ஆணை இக்காரணத்தாலேயே நீக்கப்பட்டது.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு வழக்குரை காதைக்குள் நுழைந்தால் அது வேறு ஒளியில் தெரியும். அதை அழுகையும் சீற்றமும் நிறைந்த காட்சியாக மேடையில் நடிக்கக் கண்டு பழகியவர்கள், அது எத்துணை ஒழுங்காக நடக்கும் விசாரணை என்பதைக் கவனிக்கத் தவறுகின்றனர். வாயிற்காவலன் வந்தவளின் தோற்றத்தை அஞ்சி அஞ்சிச் சொல்கிறான். அரசன் உடனே உள்ளே விடச் சொல்கிறான். யார் நீ என்று கேட்கிறான். முதல் நாள் கோவலனிடம் கேட்கப்படாத வினா இதுவே. கண்ணகி தன் ஊரையும் குலத்தையும் கணவன் பெயரையும் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னையே தந்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்கிறாள். ஒரு பறவைக்கும் ஓர் ஆவுக்கும் கிடைத்த விசாரணை தன் கணவனுக்குக் கிடைக்கவில்லை என்பது சொல்லாமலே விளங்குகிறது. அரசன் விடை கூறுகிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோலன்று, அது அரசநீதி. இந்த விடையில் உள்ள ஓட்டை வெளிப்படை. கோவலன் கள்வனா என்பதே வழக்கு. அதை முடிந்ததாக வைத்துக்கொண்டு அவன் விடை சொல்கிறான்.

கண்ணகி அதை மறுத்து வாதாடவில்லை. சான்றுக்குப் போகிறாள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். தம் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். அதன் பின்னரே சிலம்பு கொண்டுவரப்படுகிறது. அதன் பின்னரே உடைக்கப்படுகிறது. இந்த வரிசையை அடிகள் தற்செயலாக அமைத்திருக்க முடியாது. இரு தரப்பாரும் தம் கூற்றை முன்கூட்டியே சொல்லி அதற்குக் கட்டுப்பட்டுவிட்டனர். பொருளோ கண்ணகியின் கையில் இல்லை, அரண்மனைக் காவலில் இருந்தது. அவள் மாற்றி வைத்திருக்க முடியாது. வல்லுநன் என்று ஒருவனும் இடையில் நிற்கவில்லை. உடைத்தது அவை நடுவே, எல்லார் கண்முன்னும். தெறித்த மணி அரசன் முகத்திலேயே பட்டது. சான்று எடுக்கும் முறையைக் கற்பிக்க விரும்பும் ஒருவர் இதைவிடச் சிறந்த பாடத்தைத் தேடவேண்டியதில்லை.

மேலும், இந்தச் சோதனைக்கு வேண்டிய இரண்டும் முதல் நாளே அரண்மனையில் இருந்தன. தேவியின் சிலம்பில் முத்து உண்டு என்பது அரசனுக்குத் தெரியும். கோவலனின் சிலம்போ கேட்ட மாத்திரத்தில் வந்திருக்கும். ஒரு வினா கேட்டிருந்தால் கோவலன் மாலைக்குள் மாதரி இல்லம் திரும்பியிருப்பான். 422ஆம் பிரிவு கேட்கும் வினாவுக்கு, அதாவது முறை தவறியதால் நீதி தவறியதா என்ற வினாவுக்கு, இதைவிட நேரான விடை கிடைப்பதரிது.

ஆனால் அடிகள் அங்கே நின்றுவிடவில்லை என்பதே இக்காதையின் ஆழம். உடைந்த சிலம்பிலிருந்து முத்து உதிர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். கோவலன் மெய்யாகவே கள்வனாக இருந்திருந்தால் பாண்டியன் குற்றமற்றவனா? அரசன் சாகுமுன் சொல்லும் ஒப்புதலை உற்று நோக்கினால் விடை தெரியும். குற்றமற்றவனைக் கொன்றேனே என்று அவன் சொல்லவில்லை. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு நடந்த தானே கள்வன், தான் அரசனல்லன் என்கிறான். தன் குற்றத்துக்கு அவன் இடும் பெயர் பிறன் சொல்லைக் கேட்டது. முடிவு தவறாகப் போனது அன்று. திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறளிலேயே ஆராய்தலை முதலில் வைத்ததும் இந்த எண்ணத்தை ஒட்டியதே. மணி தெறித்தது அரசனுக்கு அவன் பிழையைக் காட்டியது. பிழையை உண்டாக்கியது அன்று. பிழை, தேவியின் மாளிகைக்குப் போகும் வழியில், முதல் நாளே நிகழ்ந்துவிட்டது.

இனி, கோவலன் உயிரோடு சிறையில் இருந்திருந்தால், முறை தவறியதைக் கண்ட பாண்டியன் மறுவிசாரணைக்கு ஆணையிடுவது தகுமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தகாது என்றே சொல்லவேண்டும். பொற்கொல்லனின் சொல்லன்றி அங்கே வேறு சான்றில்லை. இருந்த ஒரே பொருட்சான்றும் அவனைப் பொய்யனாக்கிவிட்டது. உள்ளீடற்ற வழக்குக்கு இரண்டாம் விசாரணை என்பது, நிரபராதியை இரண்டாம் முறை கூண்டில் ஏற்றுவதாகவே முடியும். அவனுக்குரியது விடுதலையும் மன்னிப்பும்.

மறுவிசாரணை வேண்டுமென்று மேடையில் முழங்குவோர் பலரும் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மறுவிசாரணை எப்போதும் நன்மை என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறே, விடுதலை என்ற தீர்ப்பு எப்போதும் அசைக்கலாகாதது என்பாரும் உளர். அதுவும் முற்றும் சரியன்று. 2002இல் குஜராத்தின் வடோதராவில் பெஸ்ட் பேக்கரி என்ற ரொட்டிக்கடையில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சிகள் அச்சத்தால் பிறழ்ந்துபோக, குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விசாரணை பெயரளவில் நடந்ததென்று கண்டு, மறுவிசாரணையை மகாராட்டிரத்தில் நடத்த ஆணையிட்டது. அச்சம் ஆட்சி செய்யும் இடத்தில் சொல்லப்படும் சாட்சியத்தின் விலையை மதுரைக் காவலரின் பேச்சிலேயே கண்டோம்.

இருப்பவர்க்கு இவ்வழிகள் உண்டு. இறந்தவனுக்கு என்ன உண்டு? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலியக் கப்பலாள் வாழ்ந்தான். கடைக்காரப் பெண் ஒருத்தியைக் கொன்றதாக 1952இல் அவன் மீது வழக்கு. அவனுக்காக வாதாடியவரே ஜூரியின் முன் அவனைப் பாதி காட்டுமனிதன் என்னும் கருத்துப்படப் பேசினார். முக்கிய சாட்சி, தான் கண்டவன் என்று முன்னரே வேறொரு சோமாலியனைச் சுட்டியிருந்தான். அச்செய்தி எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் தூக்கிலிட்டார்கள். அவன் மனைவி லாரா மூன்று மகன்களை வளர்த்துக்கொண்டே பல்லாண்டுகள் முறையிட்டாள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 45 ஆண்டுகள் கடந்திருந்தன. ஊருக்கு அயலான், ஒருவன் சொல்லை நம்பிய அரசு, விடாது வழக்குரைத்த மனைவி. கண்ணகி ஒரே நாளில் பெற்றதை லாரா முதுமையில் பெற்றாள். இருவருக்கும் கிடைத்தது காகிதத்தில் மீண்ட ஒரு பெயர். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, தூக்குக்குக் காத்திருந்தோர் தம் தண்டனையை மறுஆய்வு செய்யக் கூட்டரசு நீதிமன்றத்தை அணுக வழிசெய்தபோது, அவ்வழி திறந்தது உயிரோடிருந்தவர்க்கு மட்டுமே.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் வார்த்திகன் கதையை, கதையோட்டத்துக்குத் தடை என்று ஒதுக்குவோர் உளர். ஒதுக்கத்தக்கதன்று. தங்கால் என்னும் ஊரில் வாழ்ந்த வார்த்திகன் என்ற அந்தணன் வீட்டில் அணிகலன்கள் திடீரெனக் காணப்பட்டன. அவன் சிறுமகனின் மறையோதும் திறம் கண்டு மகிழ்ந்த ஒருவன் பரிசாகத் தந்தவை அவை. பொறாமை கொண்ட அரசு அலுவலர், புதையலைக் கவர்ந்தான் என்று அவனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிலின் கதவு திறவாமல் நின்றது. பாண்டியன் ஏதோ முறை தவறியிருக்க வேண்டுமென்று உணர்ந்து விசாரித்தான், உண்மை தெரிந்தது, வார்த்திகனை விடுவித்து, அவன் முன் பணிந்து, ஊர்களையும் அளித்தான். கதவு திறந்தது. பாண்டியர் செங்கோலுக்குச் சான்றாகத் தெய்வம் இதைச் சொல்கிறது. அப்போதுதான் கணவனை இழந்து நிற்பவளிடம் சொல்வதற்கு அது நல்ல ஆறுதலன்று. ஆனால் ஒப்பீடாக அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அணிகலன், பொய்க் குற்றச்சாட்டு, அழும் மனைவி, பிழை உணர்ந்த அரசன் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. வார்த்திகன் உயிரோடிருந்தான் என்பது ஒன்றே வேறுபாடு.

அத்தெய்வமே முற்பிறப்புக் கதையையும் சொல்கிறது. ஊழின் மேல் பழியைப் போட்டு அரசனை விடுவிக்க விரும்புவோர் இதைத்தான் பற்றிக்கொள்கின்றனர். கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, அரசுப் பணியில் இருந்த பரதன் பகைநாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலியின் சாபமே கோவலனைச் சேர்ந்ததாம். கதையைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். சிங்கபுரத்திலும் அயலூர் வணிகன்; அங்கும் அணிகலன்; அங்கும் ஒருவன் வாய்ச்சொல்; அங்கும் ஆராயாமல் கொன்ற ஓர் அரசு. ஊழ் அரசனை விடுவிக்கும் என்று காட்ட எடுத்த கதை, ஆராயாத அரசுகள் இரண்டு என்பதையே காட்டி நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக விசாரணையின் அருமையைக் காட்டிய காப்பியத்தின் தொடக்கத்தில் உரைபெறு கட்டுரை என்னும் சிறு பகுதி உள்ளது. அங்குச் சொல்லப்பட்ட செய்தி நீர்ப்படைக் காதையிலும் வருகிறது. கண்ணகி துயருக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பலியிட்டான். மழை பெய்தது என்று முடிகிறது. சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன்தான். அவன் என்ன ஆனான் என்று தனியே சொல்லப்படவில்லை. பட்டிமன்றங்களில் எவரும் இப்பகுதியை எடுப்பதில்லை. பாடநூல் தொகுப்போரும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அந்த ஆயிரவருள் ஒருவரையாவது அவைக்கு அழைத்து, யார் நீ என்று வெற்றிவேற் செழியன் கேட்டதாக அடிகள் பாடவில்லை.